டிக்டொக்கில் ஓடும் இனிப்பு சுப்பர்மார்க்கெட் இறாக்கைக்கு வரும் வழி

டிக்டொக்கில் பரவும் ஓர் இனிப்பு சில மாதங்களுக்குள் கீல்ஸ், புட் சிட்டி போன்ற சுப்பர்மார்க்கெட் இறாக்கைகளில் வந்து நிற்பது எப்படி, கொழும்பில் வீட்டிலிருந்து செய்து விற்கும் ஒருவர் அந்த ஓட்டத்தில் எங்கே ஏறலாம், எங்கே இறங்க வேண்டும் என்பது கேள்வி. டுபாய் சொக்லேட்டை வைத்தே பதில் சொல்கிறேன். அண்மையில் எல்லாப் படிகளையும் இவ்வளவு வெளிப்படையாகக் காட்டிய பண்டம் வேறில்லை.

முதலில் ஒரு விஷயம். வீடியோவில் ஓடும் பண்டம் அப்படியே கடைக்கு வருவதில்லை. கடைக்கு வருவது அதன் நடுவில் இருக்கும் பூரணம்தான். அந்தப் பூரணத்தை யாராவது வாளியில் அடைத்து மொத்தமாக விற்கத் தொடங்கும் நாளில்தான் சுப்பர்மார்க்கெட்டுக்கான கதவு திறக்கும். அதுவரை அது வீட்டு பேக்கர்களுக்கும் கஃபேக்களுக்கும் உரிய வியாபாரம். மற்ற எல்லாவற்றையும் இதிலிருந்தே விளங்கிக்கொள்ளலாம்.

டுபாயில் ஃபிக்ஸ் டெசர்ட் சொக்லேட்டியர் என்ற சிறு நிறுவனத்தை சாரா ஹமூதா 2021 இல் தொடங்கினார். அதன் பார்தான் பின்னால் டுபாய் சொக்லேட் ஆனது: பால் சொக்லேட் ஓடு, உள்ளே பிஸ்தா கிறீம், தஹினி என்ற எள்ளு விழுது, வறுத்த கதாயிஃப் என்ற மெல்லிய மா நூல்கள். 2023 டிசம்பரில் மரியா வெஹேரா என்பவர் காருக்குள் இருந்தபடி அதை உடைத்துச் சாப்பிடும் வீடியோ பரவியது. ஓடு உடையும் சத்தம், பச்சையாக வழியும் பூரணம், இந்த இரண்டுக்கும் மொழி தேவையில்லை. ஆனால் பரவலுக்கு அதைவிடப் பெரிய காரணம் பற்றாக்குறை. அந்த பார் டெலிவரி செயலியில் நாளில் குறிப்பிட்ட சில மணி நேரம் மட்டுமே, அங்கேயே உள்ளவர்களுக்கு மட்டுமே கிடைத்தது. கேட்பவர் உலகம் முழுக்க, விற்பவர் ஒரே நகரத்தில். இந்த இடைவெளியை நிரப்பத்தான் மற்றவர்கள் ஓடி வந்தார்கள்.

முதலில் நிரப்பியவர்களில் துருக்கித் தொழிற்சாலைகள் முக்கியம். அவர்களுக்கு அன்டெப் பிஸ்தாவும் கதாயிஃபும் அன்றாடச் சரக்கு. புதிதாக வாங்க வேண்டியிருந்தது பெட்டி மட்டும்தான். 2024 இறுதியில் சுவிஸ் நிறுவனமான லிண்ட் ஜெர்மனியில் குறைந்த எண்ணிக்கையில் தன் வடிவத்தை வெளியிட்டது, கடை வாசலில் வரிசை நின்றது. விரைவிலேயே மலிவு விலைச் சங்கிலிக் கடைகள் வரை வந்துவிட்டது. 2025 இல் பிரித்தானியாவில் வெய்ட்ரோஸ் சுப்பர்மார்க்கெட் ஒருவருக்கு இரண்டு பார் என்று கட்டுப்பாடு போட்டது. துருக்கியில் செய்ததை டுபாய் என்று விற்கலாமா என்ற வழக்கு ஜெர்மனியின் கொலோன் நீதிமன்றங்களுக்குப் போனது. அமெரிக்காவில் பிஸ்தா அறுவடையும் அந்த நேரத்தில் குறைந்திருந்ததால் பருப்பின் விலை ஓர் ஆண்டுக்குள் இறாத்தலுக்கு 7.65 டொலரிலிருந்து 10.30 டொலர் வரை ஏறியது. கொக்கோ விலையும் 2024 டிசம்பரில் ஒரு தொன் 12,000 டொலரைத் தாண்டியிருந்த காலம் அது.

பெயரும் இங்கே உதவியது. 2013 இல் நியூயோர்க்கில் டொமினிக் அன்செல் குரோய்சானும் டோனட்டும் கலந்த க்ரோனட்டை வெளியிட்டதோடு பெயரையும் வர்த்தகக் குறியாகப் பதிந்துகொண்டார். போலி செய்தவர்கள் வேறு பெயர் தேட வேண்டியிருந்தது. டுபாய் என்பது ஊரின் பெயர். கொழும்பில் பெட்டியில் அதை அச்சடித்தவர்கள் வேறு பெயர் தேட வேண்டியிருக்கவில்லை.

எல்லா இனிப்பும் கடைக்கு வருவதில்லை என்பதையும் பார்க்க வேண்டும். 2020 முடக்க காலத்து டல்கோனா கோப்பி உலகம் முழுக்க ஓடியது. இன்ஸ்டன்ட் கோப்பி, சீனி, வெந்நீர் சம அளவு, அடிக்க ஒரு பீட்டர். எல்லாம் வீட்டிலேயே இருந்தன, இறாக்கைக்குப் புதிதாக எதுவும் தேவைப்படவில்லை. பாஸ்க் சீஸ்கேக்கின் கதை வேறு. கொழும்பு கஃபேக்களில் நன்றாக வேரூன்றியது, ஆனால் இறாக்கைக்கு ஏறுவது கடினம். கிறீம் சீஸ் விலை, மூன்று நான்கு நாள் ஆயுள், முழு வழியும் குளிரில் வைக்க வேண்டிய கட்டாயம், இந்த மூன்றும் சேர்ந்தால் வாங்கும் அதிகாரி கையொப்பமிட மாட்டார். டுபாய் சொக்லேட்டின் பூரணம் எண்ணெய் சார்ந்தது, தண்ணீர் இல்லை, அறை வெப்பத்தில் சீக்கிரம் கெட்டுப்போகாது. அதனால்தான் அதைப் பிஸ்கட்டிலும் வேஃபரிலும் ஐஸ்கிறீமிலும் அடைக்க முடிந்தது. புதிதாக ஒரு பண்டம் பரவும்போது, அதன் நடுவை எடுத்து வேறொன்றுக்குள் வைக்க முடியுமா என்று பாருங்கள். முடியுமானால் அது கடைக்கு வரும்.

கொழும்பில் இது வரும் ஒழுங்கு ஏறக்குறைய மாறுவதில்லை. முதலில் சூட்கேஸ். வளைகுடாவில் வேலை செய்பவர்கள் லீவில் வரும்போது கொண்டுவருவது, அதை வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பக்கம் தெரிந்தவர்களுக்கு வட்ஸ்அப்பில் விற்பது. அடுத்து வீட்டு பேக்கர்கள். இன்ஸ்டகிராமில் முன்பதிவு, முற்பணம். அதே வாரங்களில் கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டிக் கஃபேக்கள் மில்க்ஷேக், பான்கேக் என்று அதே சுவையை வேறு தட்டில் வைப்பார்கள். பிறகு புறக்கோட்டையில் பேக்கரிச் சாமான் விற்கும் கடைகளுக்கு சொக்லேட் வார்க்கும் அச்சும் பிஸ்தா பேஸ்டும் உறைந்த கதாயிஃபும் வரும். திருப்பம் இதுதான். அச்சு விலை சரிந்தால் ஒவ்வொரு ஒழுங்கையிலும் ஒரு பேக்கர் இருப்பார், விலைப்போட்டி தொடங்கும். அதன் பின்பே சுப்பர்மார்க்கெட்டில் இறக்குமதி பார், கொஞ்சம் கழித்து உள்நாட்டு நிறுவனங்களின் ‘டுபாய் சுவை’ பிஸ்கட்டும் ஐஸ்கிறீமும்.

நோன்புப் பெருநாள், கிறிஸ்மஸ், சித்திரைப் புத்தாண்டு, தீபாவளி எல்லாம் இந்த ஓட்டத்தை முன்னே தள்ளும். கிறிஸ்மஸ் ஹம்பருக்குள் போக வேண்டிய பண்டத்தை ஓகஸ்ட், செப்டெம்பரிலேயே பேசி முடிக்க வேண்டும். நவம்பரில் மாதிரிப் பெட்டியோடு போனால் அடுத்த வருடம் வரச் சொல்வார்கள்.

இனி பண்டத்துக்குள் போவோம். வீட்டில் செய்வதற்கும் கடைக்குச் செய்வதற்கும் உள்ள தூரம் இங்கேதான் தெரியும். 200 கிராம் பார் ஒன்றுக்கு அளவு: பால் சொக்லேட் 105 கிராம், வறுத்த கதாயிஃப் 35, இனிப்புச் சேர்ந்த பிஸ்தா கிறீம் 50, தஹினி 7, கொக்கோ பட்டர் 3, உப்பு ஒரு சிட்டிகை. நூறு வீதம் பிஸ்தா பேஸ்ட் கிடைத்தால் 35 கிராம் போதும், மீதி 15 கிராமுக்கு ஐசிங் சீனி. கொக்கோ பட்டரைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பூரணத்தை இலேசாக இறுக்கிப் பிஸ்தா எண்ணெய் ஓட்டுக்குள் ஊறுவதைத் தாமதப்படுத்துவது அதுதான். விட்டால் சில வாரங்களில் ஓடு மென்மையாகி, மேலே வெண்மையாகப் பூத்துவிடும். பூஞ்சணம் என்று பயந்து வாடிக்கையாளர் திருப்பிக் கொடுப்பார். அது கொழுப்பு, உடம்புக்கு ஒன்றும் செய்யாது, ஆனால் பணத்தைத் திருப்பித்தான் கொடுக்க வேண்டும்.

கதாயிஃப் வறுக்கும்போது பட்டர் போட்டால் அதில் ஏறக்குறைய 16 வீதம் தண்ணீர் இருப்பதை மறக்கக்கூடாது. நுரை அடங்கி, சத்தம் நின்று, நூல்கள் ஒரே பொன்னிறமாகும் வரை மெல்லிய நெருப்பில் வறுக்க வேண்டும். நெய் என்றால் இந்தத் தொல்லை குறைவு. ஒரு சென்டிமீட்டர் நீளத்துக்கு முதலே நறுக்கிவிடுங்கள், நீண்ட நூல் ஓட்டைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். வறுத்ததைத் தட்டில் பரப்பி, கை பொறுக்கும் சூடு வந்தவுடன் காற்றுப் புகாத டப்பாவில் போட வேண்டும். விசிறிக்குக் கீழே நீண்ட நேரம் ஆற விட்டால் மொறுமொறுப்புப் போய்விடும். கொழும்புக் காற்றின் ஈரம் அப்படி.

கதாயிஃபுக்குப் பதிலாகச் சேமியா போடுபவர்கள் உண்டு. நோன்பு காலத்தில் பாயாசம் செய்யும் வீடுகளில் அது எப்போதும் இருக்கும். ஆனால் சேமியா அழுத்திப் பிழிந்த மா. எவ்வளவு வறுத்தாலும் பல்லில் மணல் போலக் கடிபடும். கதாயிஃப், தண்ணீராகக் கரைத்த மாவைச் சூடான சுழலும் தட்டில் நூலாக ஊற்றி எடுப்பது, அதனால் உள்ளே வெற்றிடம் அதிகம். சமோசாவுக்கு விற்கும் மெல்லிய மாத்தாளை இரண்டு மூன்றாக அடுக்கி, ஒரு மில்லிமீட்டர் கீற்றாக வெட்டி, நெய் தடவி ஓவனில் 160 பாகை செல்சியஸில் பொன்னிறமாகும்வரை சுட்டால் சேமியாவைவிட நெருங்கி வரும். விலை குறைக்க வேண்டியிருந்தால் இதைச் செய்யுங்கள்.

சொக்லேட்டை முறையாக இறுக்குவது (டெம்பரிங்) தனிக் கலை. பால் சொக்லேட்டை 45 பாகை வரை உருக்கி, 26, 27க்குக் குளிர வைத்து, 29, 30க்கு ஏற்ற வேண்டும். கொழும்புச் சமையலறையில் காற்றே 31 பாகை; அங்கே 27க்கு இறங்கவே இறங்காது. ஏசி போட்ட அறை வேண்டும். அங்கே மூன்றில் ஒரு பங்கைப் பொடியாக நறுக்கித் தனியே வைத்து, மற்ற இரண்டு பங்கை உருக்கியபின் அதைச் சிறிது சிறிதாகச் சேர்த்துக் கிளற வேண்டும். ஒரு துளி தண்ணீர் விழுந்தாலும் கட்டிபட்டுவிடும். அச்சின் மூலைகளில் இரண்டு முறை பூசி 2, 3 மில்லிமீட்டர் ஓடு வர விடுங்கள். பூரணத்தை 27 பாகைக்கு மேல் சூட்டோடு போட்டால் நீங்கள் பாடுபட்டு இறுக்கிய ஓடு கரைந்து, மினுக்கம் போய்விடும்.

கடை வடிவம் வேறாக இருப்பதற்குக் காரணமும் இதற்குள்ளேயே இருக்கிறது. சொக்லேட்டின் கொழுப்பான கொக்கோ பட்டர் 34 பாகை அருகே உருகிவிடும். மதியம் மோட்டார் சைக்கிளில் போகும் பெட்டிக்குள் வெப்பம் அதைத் தாண்டும். லொறியிலும், கடையின் பின்புறக் களஞ்சியத்திலும், இரவில் ஏசி நிறுத்தப்பட்ட பிறகும் அப்படியே. ஆகவே பெரிய உற்பத்தியாளர் பூச்சுக்குப் கொம்பவுண்டைத் தேர்வார், அதாவது கொக்கோ பட்டருக்குப் பதில் பாம் கேர்னல் எண்ணெய் சேர்த்த, சொக்லேட் போன்ற கலவையை. அதற்கு டெம்பரிங் வேலை இல்லை, விலையும் குறைவு, ஆனால் வாயில் மெழுகாக ஒட்டும். இரண்டையும் கலந்து வைக்கலாம் என்று நினைக்காதீர்கள். அந்த எண்ணெயும் கொக்கோ பட்டரும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாது, 5 வீதத்துக்கு மேல் கலந்தாலே பார் மென்மையாகி வெண்மையாகப் பூக்கும். பிஸ்தா பேஸ்டைக் குறைத்து, வேஃபர்த் தூளையும் பச்சை நிறத்தையும் ஏற்றுவார்கள். கண்ணுக்கு அதே பண்டம்.

வாங்குபவரும் விற்பவரும் பின்புறத்தைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். பொருள்கள் எடை அதிகமானதிலிருந்து குறைந்ததற்கு வரிசைப்படுத்தப்பட்டிருக்கும். சீனி, தாவரக் கொழுப்பு முதலில் வந்து பிஸ்தா ஐந்தாவதோ ஆறாவதோ இருந்தால், பச்சை நிறம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துவிடும். பூச்சில் கொக்கோ பட்டருக்குப் பதில் ‘தாவரக் கொழுப்பு’ என்று எழுதியிருந்தால் அது பெரும்பாலும் கொம்பவுண்ட். பிஸ்தாவோடு நிலக்கடலையையும் அரைத்துப் பச்சை சேர்த்துவிடுவதும் நடக்கிறது. இது சுவைக்கான சண்டை மட்டுமல்ல. நிலக்கடலை ஒவ்வாமை உள்ளவருக்கு உயிராபத்து. பிரித்தானிய உணவுத் தர முகமை 2025 இல் ஒவ்வாமைப் பொருள்கள் குறிப்பிடப்படாத டுபாய் சொக்லேட்டுகளைப் பற்றி எச்சரித்தது. தஹினியில் எள்ளு, கதாயிஃபில் கோதுமை, சொக்லேட்டில் பால். நான்கு ஐந்து ஒவ்வாமைப் பொருள்கள் ஒரே பாரில் உண்டு. வீட்டில் செய்பவர் பெட்டியில் இதைத் தெளிவாக எழுதுவது முதல் வேலை.

பெட்டியை இங்கே ஒழுங்காகக் கட்டுவதற்கும் விதிமுறை உண்டு. உற்பத்தியாளர் பெயர், முகவரி, நிகர எடை, பொருள்கள், தொகுதி எண், உற்பத்தித் திகதி, காலாவதித் திகதி, உச்ச சில்லறை விலை. இறக்குமதி என்றால் இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும். சூட்கேஸில் வந்த பார்கள் கடை இறாக்கைக்கு ஏற முடியாமல் போவது இதனால்தான். பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு அது நல்ல வேட்டை. வீட்டிலிருந்து கடைக்கு நகர வேண்டும் என்றால் பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயர்ப் பதிவு, உள்ளூராட்சி மன்றத்தின் அனுமதி, பொதுச் சுகாதாரப் பரிசோதகர் (பிஎச்ஐ) பார்வை, இலங்கையின் 479 எண்ணில் தொடங்கும் பார்கோட். இதில் எதுவும் கடினமில்லை, வரிசையாகச் செய்ய நேரம் வேண்டும். ஓட்டம் தொடங்கிய பிறகு இதைத் தொடங்கினால் அது முடிந்த பிறகு பார்கோட் கையில் இருக்கும்.

கணக்கைப் பார்ப்போம். இறாக்கை விலை 2,000 ரூபா என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் வற் (பெறுமதி சேர் வரி) பதிவில் இல்லாவிட்டாலும் சுப்பர்மார்க்கெட் விற்கும் விலைக்குள் 18 வீத வற் உண்டு. அது போக 1,695. கடையின் பங்கு 25 வீதம் என்றால் 1,271. இடையில் விநியோகஸ்தர் ஒருவர் 10 வீதம் எடுத்தால் 1,144 ரூபா உங்கள் கையில். அதற்குள் சொக்லேட், பிஸ்தா, பெட்டி, உடைந்தது, காலாவதியாகித் திரும்பி வருவது, சாம்பிள் கொடுத்தது. பணம் 30 அல்லது 45 நாள் கழித்து. இன்ஸ்டகிராமில் அதே பாரை 1,700க்கு விற்றாலும் முற்பணம், திரும்பி வருவது இல்லை. கணக்கைச் சரியாகப் போட்டால் கொழும்பில் வீட்டு பேக்கருக்கு சுப்பர்மார்க்கெட் என்பது முன்னேற்றம் போலத் தெரிகிற இறக்கம்.

ஆயுளும் ஒரு தடை. வீட்டு பாருக்கு மூன்று, நான்கு வாரம் சொல்லலாம். மத்திய களஞ்சியத்துக்குப் போய், கிளைக்குப் பிரிந்து, இறாக்கையில் வைப்பதற்குள்ளேயே இரண்டு வாரம் தொலைந்துவிடும். மீதி நாளில் விற்றுத் தீராதது உங்களிடமே வரும். ஃப்ரிட்ஜில் வைத்தால் ஆயுள் கூடும் என்று கடைக்காரர் சொல்வார். கூடும், ஆனால் கொழும்பில் சுமார் 24 பாகைக்குக் குறைவாகக் குளிர்ந்த எதன் மேலும் காற்றின் நீர் படியும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து மேசையில் வைத்த பார் ஐந்து நிமிடத்தில் வியர்க்கும், அந்த நீரில் சீனி கரைந்து, காய்ந்ததும் சொரசொரப்பாகப் படியும். மூடிய பெட்டியோடு வெளியே எடுத்து, 30, 40 நிமிடம் கழித்துத் திறக்கச் சொல்லிப் பெட்டியிலேயே அச்சடியுங்கள்.

அப்படியென்றால் வீட்டு பேக்கர் எங்கே நிற்க வேண்டும்? பூரணம் வாளியில் வருவதற்கு முன் முதல் சில வாரங்களில், நீங்களே பூரணம் செய்து விற்கும் இடம் இலாபமானது. அச்சு புறக்கோட்டையில் கிடைக்கத் தொடங்கியதும் பாரை விட்டு நகருங்கள். ஒரே பூரணம், வேறு உடல்: பிறந்தநாள் கேக்கின் நடு அடுக்கு, பெருநாள் பெட்டிக்கு சிறு சதுரங்கள், குரோய்சான் நடு. கஃபேக்களுக்கு வறுத்த கதாயிஃப் கலந்த பூரணத்தைக் கிலோக் கணக்கில் கொடுப்பதும் ஒரு வழி. அவர்களுக்குத் தினமும் வறுக்க ஆள் இல்லை, நேரமும் இல்லை. பாரைவிட இதில் உழைப்புக் குறைவு, விலைப்போட்டியும் குறைவு.

சுப்பர்மார்க்கெட்டில்தான் வேண்டும் என்று உறுதியாக இருந்தால், சங்கிலி நிறுவனத்தின் தலைமையகக் கதவைத் தட்டுவதற்கு முன் வெள்ளவத்தை, தெஹிவளைப் பக்கம் தனியார் நடத்தும் ஒன்றிரண்டு சுப்பர்மார்க்கெட்டுகளில் விற்றுப் பாருங்கள். அங்கே உரிமையாளரே முடிவெடுப்பார், கடன் நாட்களும் குறைவு. எந்த நாளில் எத்தனை விற்றது, எத்தனை திரும்பியது என்ற பதிவு ஒரு மாதத்துக்காவது கையில் இருந்தால் தலைமையகத்தில் பேச்சு வேறாக இருக்கும்.

இறங்க வேண்டிய நேரத்தைக் காட்டும் அடையாளங்கள் மூன்று. இறாக்கையில் ‘ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்’ என்ற அட்டை. பெரிய நிறுவனம் அதே சுவையை நூறு ரூபா பிஸ்கட்டில் வெளியிடுவது. மூன்றாவதை யாரும் கவனிப்பதில்லை: உங்களிடம் வழக்கமாகக் கேட்கும் வாடிக்கையாளர் விலையை மட்டும் விசாரித்துவிட்டு அளவைச் சொல்லாமல் நிறுத்துவது. இதில் இரண்டு கண்ணில் பட்டால் புதிதாகப் பிஸ்தா பேஸ்ட் வாங்காதீர்கள். 5 கிலோ வாளி கிலோவுக்கு மலிவு என்று தோன்றும், ஆனால் திறந்த பேஸ்டில் எண்ணெய் மேலே பிரிந்து, கொழும்பு வெப்பத்தில் சில மாதங்களில் சிக்கு வாசம் வந்துவிடும். ஒரு கிலோ டப்பாக்களாக வாங்கி, திறந்ததை ஃப்ரிட்ஜில் வைத்து, ஒவ்வொரு முறையும் அடிவரை கிளறியபின் அளவெடுங்கள். கிளறாமல் மேலாக அள்ளினால் முதல் பார்கள் எண்ணெயாகவும் கடைசிப் பார்கள் கட்டியாகவும் வரும்.